நண்டும் நுரையீரற் புழுவும்

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கே, சித்தூர் வட்டத்தில் அமைந்துள்ள நல்லேப்பிள்ளி நெல் வயல்கள் நிறைந்த ஊராகும். தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் இவ்வெல்லைப்புறச் சிற்றூர்களில், பருவ மழை பெய்து வயல்களில் நீர் நிறைந்தவுடன் நண்டுகள் வரப்பு வளைகளை விட்டு வெளிவரத் தொடங்கும். இளம் நாற்றுக்களை வெட்டியும், வரப்புக்களைத் துளைத்து நீரை வடியச் செய்தும் உழவர்க்கு இடையூறு விளைவிக்கும் இப்பிராணி, பிடிபட்ட பின்னர் அவர்க்கே உணவாகிறது. நண்டை இடித்து, மிளகு, சீரகம், பூண்டு ஆகியவற்றைக் கூட்டிக் கொதிக்க வைத்து இறக்கிய ரசம் மார்ச்சளிக்கு நல்லது என்பது தமிழ்க் குடும்பங்களில் வழிவழியாக வரும் நம்பிக்கை. அந்த ரசம் சளியைப் போக்குகிறதோ இல்லையோ, அதன் செய்முறையில் ஐயத்திற்கிடமில்லாத நன்மை ஒன்று உண்டு. அதில் நண்டு நன்றாகக் கொதிக்கிறது.

இந்தியாவின் வடகிழக்கு மலை மாநிலங்களில் சில மக்களிடையே இதனோடு இனமுறை கொண்ட நன்னீர் நண்டு பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்ணப்படுகிறது. அதன் விளைவாக நுரையீரலில் ஒருவகைத் தட்டைப் புழு குடிகொள்ள, ஆண்டுக்கணக்கில் இரத்தம் கலந்த கோழையைத் துப்பிக் காசநோயாளர் எனக் கருதப்பட்டு, தமக்குச் சிறிதும் பயன்படாத மருந்தை மாதக்கணக்கில் உட்கொண்டோர் உளர். இவர்களுடைய நோய்க்கு இரண்டு மூன்று நாட்களில் முடிந்துவிடும் சிகிச்சை இருக்கிறது. ஆயினும், உண்ட உணவு யாது என்ற கேள்வியை எவரும் கேட்காமையால் அச்சிகிச்சை அவர்களை எட்டவில்லை.

மணிப்பூரில் தெரிய வந்தது

மணிப்பூர் மாநிலத்து நோயாளர்களைப் பற்றிய மருத்துவ அறிக்கை 1982-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதுகாறும் பாட நூல்களில் இந்நோய் பெரிதும் சீனா, கொரியா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளின் நோயாகவே பேசப்பட்டு வந்தது. மணிப்பூர் மருத்துவர்கள் தொடர்ந்து நடத்திய ஆய்வின் பயனாக, 39 நோயாளர்களின் நோய்க் குறிகளையும் சிகிச்சையையும் விவரிக்கும் கட்டுரை ஒன்று 1986-இல், லண்டனில் உள்ள வெப்பமண்டல மருத்துவக் கழகத்தின் இதழில் இடம் பெற்றது. ஒரு சிறிய மாநிலத்தில், சில ஆண்டுகளுக்குள், இத்துணைப் பேர் கண்டறியப்பட்டனர் என்பதிலிருந்தே நோய் புதிதாக வந்ததன்று, பார்வைதான் புதிது என்பது விளங்கும்.

பின்னர் அருணாசலப் பிரதேசத்தின் சாங்லாங் மாவட்டத்திலும், நாகாலாந்தின் மலைக் கிராமங்களிலும் இந்நோய் காணப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த திப்ரூகர் வட்டார மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார் 2004-இல் வெளியிட்ட ஆய்வு களப் பணியாளர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியதாகும். காசநோய் என ஐயுறப்பட்டு, ஆனால் கோழையில் காசக்கிருமி காணப்படாத மக்களிடையே நுரையீரற் புழு நோய் மறைந்து கிடந்ததை அவ்வாய்வு எடுத்துக் காட்டியது. ‘கிருமி காணப்படவில்லை, ஆயினும் காசமே’ என்று முடிவு கட்டும் வழக்கம் எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் இத்தவறு நேர இடமுண்டு.

வடகிழக்கு மாநிலங்களில் மனிதரைப் பற்றும் புழு எவ்வினத்தது என்பதிலும் கருத்து மாறியது. முதலில் அது ‘பாரகோனிமஸ் வெஸ்டர்மனி’ என எண்ணப்பட்டது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் நிகழ்ந்த மரபணு ஆராய்ச்சிகள், அங்கு மனிதரிடையே நோய் விளைவிப்பது பெரும்பாலும் ‘பாரகோனிமஸ் ஹெட்டரோட்ரீமஸ்’ என்னும் மற்றோர் இனம் என்று காட்டின. களத்தில் பணிபுரிவோர்க்கு இவ்வேறுபாடு அத்துணை முக்கியமன்று. பரவும் வழியும் தடுக்கும் வழியும் சிகிச்சையும் இரண்டிற்கும் ஒன்றே.

புலியிலிருந்து மனிதனுக்கு

இப்புழு அறிவியல் உலகுக்கு முதன் முதலில் அறிமுகமானது ஓர் இந்தியப் பிராணியின் வாயிலாகவே என்பது சுவையான செய்தி. ஆம்ஸ்டர்டாம், ஹாம்பர்க் ஆகிய நகரங்களின் விலங்குக் காட்சிச் சாலைகளில் இறந்த வங்காளப் புலிகளின் நுரையீரலில் காணப்பட்ட புழுவைக் கெர்பெர்ட் என்பவர் 1878-இல் விவரித்து, ஆம்ஸ்டர்டாம் காட்சிச் சாலையின் தலைவரான வெஸ்டர்மன் என்பாரின் பெயரை அதற்கு இட்டார். மறு ஆண்டில், பார்மோசாத் தீவில் இறந்த போர்த்துகீசியர் ஒருவரின் உடலைச் சோதித்த ரிங்கர் என்ற மருத்துவர் நுரையீரலில் அதே வகைப் புழுவைக் கண்டார்.

இறந்தவர் முன்னர்ச் சீனாவின் அமோய் நகரில் பாட்ரிக் மான்சன் என்பாரிடம் சிகிச்சை பெற்றவர். யானைக்கால் நோய்ப் புழு கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்து புகழ் பெற்றவர் இந்த மான்சனே. 1880-இல், தோல் நோய்க்காக அவரிடம் வந்த சீன அதிகாரி ஒருவர், பேசிக் கொண்டிருக்கையில் இருமித் தரை விரிப்பின் மேலேயே துப்பி விட்டார். மற்றவர் முகம் சுளித்திருப்பர். மான்சனோ செந்நிறமாக இருந்த அக்கோழையைச் சேகரித்து நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். அதில் புழுவின் முட்டைகள் நிறைந்திருந்தன. உயிரோடிருக்கும் நோயாளியிடம் இந்நோயை அறிவதற்குக் கோழையைப் பார்த்தலே போதும் என்பது அன்றே தெளிவாயிற்று. நூற்றாண்டுக்கு மேல் கடந்தும், அதனினும் எளிய முறை இல்லை.

முட்டை நீரில் பொரிந்து நத்தையை நாடக்கூடும் என்று மான்சன் ஊகித்தார். நத்தைக்கும் மனிதனுக்கும் இடையே நிற்கும் பிராணி எது என்பது மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புதிராகவே இருந்தது. பார்மோசாவில் பணியாற்றிய ஜப்பானியரான நாககாவா, 1914-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மலையோடை நண்டுகளின் உடலில் இளம்புழுக்களைக் கண்டு அப்புதிரை விடுவித்தார்.

புழு செல்லும் வழி

நன்கு வளர்ந்த புழு 7 முதல் 12 மில்லிமீட்டர் நீளமுடையது. செம்பழுப்பு நிறம், ஒரு புறம் சற்றுத் தட்டை, மறுபுறம் குவிவு. நெல்லியாம்பதி மலையில் விளையும் காப்பிக் கொட்டையை மனத்திற் கொண்டால் இதன் வடிவம் விளங்கும். நுரையீரலுக்குள் இது ஒரு சிறு பையை அமைத்துக் கொண்டு, பெரும்பாலும் இரண்டிரண்டாக வாழ்கிறது. அப்பை மூச்சுக் குழலின் கிளையோடு தொடர்பு கொண்டவுடன், முட்டைகள் இரத்தத்தோடும் கோழையோடும் கலந்து வெளியேறுகின்றன.

கோழை நிலத்தில் உலர்ந்து போயின் முட்டையும் அழியும். ஓடையிலோ வாய்க்காலிலோ விழுந்தால் ஏறத்தாழ மூன்று வாரங்களில் அது பொரிந்து, நீந்தும் நுண்ணுயிர் ஒன்று வெளிப்படும். அதற்கு ஏற்ற இனத்து நத்தை அகப்பட்டால் உள்ளே நுழைந்து பெருகும். அகப்படாவிட்டால் விரைவில் மடியும். நத்தையினின்று வெளிவரும் அடுத்த நிலைப் புழுவுக்கு வால் மிகக் குட்டை. அது நண்டினுள் புகுந்தோ, நத்தையை நண்டு தின்பதனாலோ, நண்டின் உடலை அடைகிறது. அங்கே தசையிலும் செவுளிலும் ஈரலிலும் சிறு உறை கட்டிக் கொண்டு காத்திருக்கிறது. உறையின் குறுக்களவு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. சமைப்பவர் கண்ணுக்கு அது தென்படும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. நோயுற்ற நண்டும் நோயற்ற நண்டும் பார்வைக்கு ஒன்றே.

அந்நண்டைப் பச்சையாக உண்ட மனிதனின் குடலில் உறை கரைகிறது. வெளிப்பட்ட இளம்புழு குடற் சுவரைத் துளைத்து வயிற்று அறைக்குள் சென்று, சில நாள் அலைந்து, வயிற்றையும் மார்பையும் பிரிக்கும் தசைத் திரையைத் துளைத்து நுரையீரலை அடைகிறது. உண்ட நாளிலிருந்து முட்டை வெளிப்படும் நாள் வரை இரண்டு அல்லது மூன்று மாதங்கள் ஆகும். வழி தவறிய புழு தோலின் கீழ்க் கட்டியாகத் தோன்றலாம்; மூளையைச் சென்றடையின் வலிப்பும் கடுந்தலைவலியும் நேரும். நுரையீரலில் அமைந்த புழு இருபது ஆண்டுகள் வரை வாழக் கூடும். ஆகவே இளமையில் உண்ட நண்டு, மனிதன் ஊர் விட்டு ஊர் சென்று, தொழில் மாறி, அவ்வுணவையே மறந்த பின்னரும் அவனை வருத்துகிறது.

மனிதன் இப்புழுவுக்கு இன்றியமையாதவன் அல்லன் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. புலி, சிறுத்தை, புனுகுப் பூனை, கீரி, நாய், பூனை ஆகியவற்றின் உடலிலும் இது தடையின்றி வாழும். மனிதரனைவர்க்கும் மருந்தளித்து விட்டாலும் காட்டில் புழு ஒழியாது. மனிதனைக் காக்கத்தக்க இடம் அடுப்படி ஒன்றே.

காசமா, புழுவா?

நோயாளியின் தோற்றம் எத்தகையது என்பதை இனிக் காண்போம். மாதக்கணக்கில் அல்லது ஆண்டுக்கணக்கில் இருமல், காலையில் எழுந்தவுடன் மிகுதியான கோழை, அதன் நிறம் துரு போன்ற பழுப்பு, சில வேளை வெளிப்படையான இரத்தம், மார்பில் வலி, சிலர்க்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தல். எக்ஸ்-கதிர்ப் படத்தில் நிழல்கள் தெரியும். இவற்றைக் கேட்ட எந்த மருத்துவப் பணியாளரும் முதலில் காசத்தையே நினைப்பர். அது பிழையன்று. இந்நாட்டில் இரத்தம் துப்புவோரிடையே காசநோய் பெருவழக்கு; புழு நோய் அரிது. காசத்திற்கான சோதனையை முதலில் செய்வதே முறை.

அச்சோதனையில் ஒன்றும் காணப்படாதபோதுதான் சிக்கல் தொடங்குகிறது. வேறுபாட்டை உணர்த்தும் குறிகள் சில உண்டு. புழு நோயாளி பெரும்பாலும் உடல் மெலிவதில்லை, பசி குன்றுவதில்லை, மாலைக் காய்ச்சல் இராது, இருப்பினும் கடுமையாக இராது. இரத்தம் துப்பிக் கொண்டே வயலில் உழுபவரையும் சுமை தூக்குபவரையும் காண்பது இந்நோயில் வியப்பன்று. இரத்தத்தின் வெள்ளணுக்களை எண்ணினால் ‘இயோசினோபில்’ எனப்படும் வகை வழக்கத்தினும் மிகுந்திருக்கும். இக்குறிகள் வழி காட்டுவனவே. முடிவு கூறுவன அல்ல. முடிவு கூறுவது முட்டை.

அந்த முட்டையைக் காணும் வாய்ப்பை ஆய்வுக்கூடத்தின் வழக்கமான முறையே குறைத்து விடக் கூடும் என்பதுதான் இதில் மிகவும் கருதத்தக்கது. காசக்கிருமியைத் தேடுவதற்குக் கோழையைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிதாகத் தடவி, உலர்த்தி, சூடேற்றிய சிவப்புச் சாயம் ஊற்றி, அமிலத்தால் கழுவுகின்றனர். சீல்-நீல்சன் முறை எனப் பெயர் பெற்ற இது, காசக்கிருமியைக் காண்பதற்கு நூறாண்டுக்கு மேலாகப் பயன்பட்டு வரும் சிறந்த முறையே. ஆனால் இம்முறையில் புழுவின் முட்டை பார்வைக்குத் தப்பி விடக் கூடும். காசக்கிருமி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு முதல் நான்கு பங்கு நீளமுடையது. புழுவின் முட்டையோ ஏறத்தாழ நூறு பங்கு நீளமுடையது. முப்பது மடங்கு பெரியது. ஒரு முனையில் மூடியும் பொன்பழுப்பு நிறமும் உடையதாகையால், நுண்பெருக்கியின் குறைந்த ஆற்றலுள்ள வில்லையிலேயே தெளிவாகத் தெரிவது. சிறியதைத் தேடும் முயற்சியில் பெரியது தொலைந்து போகிறது.

இப்பொழுது பல இடங்களில் சாய முறைக்குப் பதிலாகக் காசக்கிருமியின் மரபணுவைத் தேடும் கருவிகள் வந்துள்ளன. இவை விரைவும் நுட்பமும் வாய்ந்தவை. மருந்துக்கு அடங்காத கிருமியையும் சுட்டிக் காட்டுகின்றன. எனினும் கருவி தான் தேடுவதை மட்டுமே காட்டும். கோழையை ஒருவர் கண்ணால் பார்க்கும் சந்தர்ப்பம் இதனால் மேலும் குறைந்து விட்டது.

ஆகவே செய்யத்தக்கது யாதெனில், காசக்கிருமி காணப்படாமல் இரத்தக் கோழை தொடருமாயின், சாயமேற்றாத கோழையில் ஒரு துளியை உப்பு நீரோடு கலந்து, மேலே மெல்லிய கண்ணாடி மூடியிட்டு அப்படியே பார்த்தல் வேண்டும். முட்டைகள் குறைவாக இருக்கலாம் என்று தோன்றினால், நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கோழையைக் கரைத்து, சுழற்றிப் படிய வைத்து, அடியிலுள்ள படிவைப் பார்த்தல் நன்று. துரு நிறமான அல்லது இரத்தம் தோய்ந்த பகுதியையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு நாள் காணாவிடில் வேறு நாட்களிலும் பார்க்க வேண்டும். குழந்தைகள் கோழையைத் துப்பாமல் விழுங்கி விடுவதால், அவர்களுடைய மலத்திலும் முட்டையைத் தேடலாம். இதற்கு வேண்டிய பொருள்கள் எல்லாம் ஒரு சிறு ஆய்வுக்கூடத்தில் ஏற்கெனவே இருப்பனவே.

ஒரு எச்சரிக்கை இங்குக் கூற வேண்டியுள்ளது. ஒருவர்க்கே காசமும் புழுவும் சேர்ந்து இருத்தல் கூடும். புழுவின் ஐயம் தோன்றியது என்பதற்காக, மருத்துவர் அளித்து வரும் காச மருந்தைக் களப் பணியாளர் நிறுத்தச் சொல்லலாகாது. ஐயத்தை எழுதி மருத்துவரிடம் அனுப்புவதோடு அவர் கடமை நிறைவேறுகிறது.

எப்படியெல்லாம் உண்கின்றனர்

பச்சை நண்டு என்றவுடன் நம் நாட்டவர் பலர்க்கு அருவருப்புத் தோன்றக் கூடும். அது நேர்மையான மனநிலையன்று. ஒவ்வொரு மக்களுக்கும் அவரவர் உணவு நெடுங்காலப் பழக்கத்தால் அமைந்தது. மணிப்பூர் மலைப் பகுதிகளில் நண்டை மிளகாயோடு இடித்துத் துவையலாக்குவர். சீனாவில் நண்டை மதுவில் ஊற வைப்பதும், கொரியாவில் சோயாச் சாற்றில் ஊற வைப்பதும் பழைய வழக்கங்கள். கொரியாவில் தட்டம்மை கண்ட குழந்தைக்கு நன்னீர்ச் சிங்கிறாலின் பச்சைச் சாற்றை மருந்தாகப் புகட்டிய காலமும் இருந்தது. அன்பினால் செய்த அச்செயலால் குழந்தைகள் புழு நோய்க்கு ஆளாயினர். ஜப்பானில் காட்டுப் பன்றியின் வேகாத இறைச்சி வாயிலாகவும் நோய் வருகிறது. பன்றி நண்டைத் தின்று, வளராத இளம்புழுவைத் தன் தசையில் தாங்கி நிற்பதே காரணம். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 2006-க்கும் 2010-க்கும் இடையே நோயுற்றோர் சிலர், ஆற்றுப் படகுப் பயணத்தின்போது சிங்கிறாலை உயிரோடு விழுங்கியவர்கள்.

இவற்றினும் நெஞ்சை உறுத்துவது நைஜீரியாவின் நிகழ்ச்சி. 1967 முதல் 1970 வரை நடந்த உள்நாட்டுப் போரில், முற்றுகையிடப்பட்ட கிழக்குப் பகுதி மக்கள் இறைச்சியும் மீனும் கிடைக்காமல் ஓடை நண்டுகளைப் பிடித்து உண்டனர். போருக்கு முன் அரிதாக இருந்த நுரையீரற் புழு நோய், போரின்போதும் அதன் பின்னரும் அங்குப் பெருகிற்று. விறகும் பாத்திரமும் அமைதியும் இல்லாத இடத்தில் ‘நன்கு வேக வையுங்கள்’ என்னும் அறிவுரைக்குப் பொருள் குறைவு.

உப்பும் புளிப்பும் காரமும் மதுவும் புழுவைக் கொன்று விடும் என்ற எண்ணம் பல நாடுகளிலும் உண்டு. அது தவறு. உறைக்குள் இருக்கும் இளம்புழு உணவில் சேரும் அளவு உப்புக்கோ புளிக்கோ மடிவதில்லை. கொல்வது வெப்பமே. நண்டின் உட்பகுதி முழுவதும் 63 பாகை சென்டிகிரேடு வெப்பத்தை அடைய வேண்டும் என்பது அளவு. வீட்டில் அளவுமானி இல்லாதபோது, கொதிக்கும் நீரில் நண்டின் சதை முழுவதும் நிறம் மாறி வெண்மையாகும் வரை வேக விடுதல் போதும். வைக்கோல் தீயில் மேலோடு சிவக்கும் வரை வாட்டிய நண்டு வெந்த நண்டு ஆகாது. வயல் வெளியில் சிறுவர்கள் விளையாட்டாகச் செய்வது பெரும்பாலும் இதுவே ஆகையால், ஆசிரியர்கள் இதைத் தனியே எடுத்துச் சொல்லுதல் நலம்.

உண்பதைக் காட்டிலும் இடிப்பதில் மறைந்துள்ள ஆபத்து ஒன்று உண்டு. பச்சை நண்டை நசுக்கும்போது உறைகள் அம்மி, உரல், அரிவாள்மணை, கை விரல்கள் ஆகியவற்றில் ஒட்டிக் கொள்கின்றன. நண்டு பின்னர் நன்றாகக் கொதித்து விடும். ஆனால் கழுவாத அதே அம்மியில் அரைத்த தேங்காய்த் துவையல் கொதிப்பதில்லை. இரசத்திற்கு நண்டு இடிக்கும் நம் வீடுகளுக்கும் இது பொருந்தும்.

கடல் மீன் உண்போர்க்கும் இதே விதி ஏற்றதாகும். கடல் மீனின் உடலில் ‘அனிசாக்கிஸ்’ என்னும் வேறொரு புழுவின் இளம்பருவம் காணப்படுவதுண்டு. மீனைப் பச்சையாக உண்பவரின் இரைப்பைச் சுவரை அது துளைத்துக் கடும் வலி உண்டாக்கும். நன்றாக வேக வைத்தலும், பச்சையாக உண்ணும் வழக்கமுள்ள நாடுகளில் மைனஸ் 20 பாகை குளிரில் ஏழு நாட்கள் உறைய வைத்தலும் அதற்குத் தடை.

தென்னாட்டு நிலை

இப்புழு தென்னாட்டுக்கு அந்நியமன்று. 1935-இல், அன்றைய சென்னை மாகாணத்தில், இரண்டு நாய்களின் நுரையீரலில் இப்புழு இருந்தது கால்நடை மருத்துவ ஏடு ஒன்றில் பதிவாகியுள்ளது. இலங்கையில் திசாநாயக்க, பரமானந்தன் ஆகிய இருவரும் காட்டு ஊனுண்ணிகளிலும் நன்னீர் நண்டுகளிலும் புழுவைக் கண்டு 1962-இல் அறிவித்தனர். காட்டில் பிராணிக்கும் நண்டுக்கும் நத்தைக்கும் இடையே இச்சுழற்சி நடைபெறும்போதும், ஊருக்குள் அது வராமல் தடுத்து நிற்பது சமையற் பழக்கம் என்றே கொள்ள வேண்டும்.

நல்லேப்பிள்ளி போன்ற ஊர்களில் பணியாற்றுவோர் இந்நோயை அறிந்திருக்க வேண்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அருகிலுள்ள கஞ்சிக்கோடு தொழிற் பகுதியிலும், கேரளத்தின் பிற இடங்களிலும், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்து உழைப்போர் இருக்கின்றனர். புழு பல்லாண்டு வாழ்வது. ஆகையால் மலைக் கிராமத்தில் பெற்ற நோய் பாலக்காட்டில் இருமலாக வெளிப்படுதல் இயல்பே. அத்தகையவர் இரத்தக் கோழையோடு வருவாராயின், ‘உங்கள் ஊரில் நண்டை எவ்வாறு உண்பீர்கள்?’ என்று மரியாதையோடும் குற்றஞ்சாட்டும் தொனி இன்றியும் கேட்க வேண்டும். இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்கு நேரே தொற்றுவதன்று. இருமல் மூலமோ, உடன் உண்பதாலோ, ஒரே அறையில் தங்குவதாலோ பரவாது. இதை உடன் தங்குவோர்க்கும் வேலை கொடுப்போர்க்கும் தெளிவாகக் கூறாவிடில், நோயினும் பெரிய தீங்கு அவ்வுழைப்பாளிக்கு நேரும்.

கேள்வியின் மதிப்பைக் காட்டும் மற்றொரு சான்று கேரளத்திலேயே உள்ளது. மூளை உறை அழற்சியுற்று, தண்டுவட நீரில் இயோசினோபில் அணுக்கள் மிகுந்திருந்த நோயாளர் சிலரைப் பற்றி 2006-இல் ஒரு மருத்துவ அறிக்கை வெளியாயிற்று. அவர்களுள் சிலர் உடும்பின் பச்சை இறைச்சியை மருந்தாக உண்டிருந்தனர். எலியின் நுரையீரலில் வளர்ந்து, நத்தை வழியாகப் பிற பிராணிகளை அடையும் வேறொரு புழுவே இத்தகைய நோய்க்குக் காரணமாவது. அதைத் தாங்க வல்ல ஆப்பிரிக்கப் பெரு நத்தை கேரளத்தின் தோட்டங்களில் இன்று பரவலாகக் காணப்படுகிறது. உடும்பு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்ட பிராணியாதலால், உண்டவர் தாமாக அதைச் சொல்ல முன்வருவதில்லை. கேட்பவர் நம்பிக்கைக்கு உரியவராக இருந்தாலன்றி உண்மை வெளிவராது.

சிகிச்சை

நுரையீரற் புழுவுக்குப் ‘பிராசிகுவாண்டல்’ என்னும் மருந்து உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 25 மில்லிகிராம் வீதம், நாளொன்றுக்கு மூன்று வேளை, இரண்டு அல்லது மூன்று நாட்கள் அளிக்கப்படுகிறது. ‘டிரைக்ளபெண்டசோல்’ என்பது மற்றொரு மருந்து. இவற்றை மருத்துவரே அளிக்க வேண்டும். மூளையைப் புழு பற்றியிருப்பின் மருந்து கொடுக்கும்போதே வீக்கம் கூடும் ஆபத்து உண்டாகையால், தலைவலி, வலிப்பு ஆகியவை உள்ளனவா என்பதை முன்னரே தெரிவித்தல் அவசியம்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 2015 முதல், பிப்ரவரி 10-ஆம் நாளைத் தேசியக் குடற்புழு நீக்க நாளாகக் கொண்டு பள்ளிகளில் ‘அல்பெண்டசோல்’ மாத்திரை வழங்கப்பட்டு வருகிறது. அது மண்ணின் வழிப் பரவும் குடற்புழுக்களுக்கு உரியது. நுரையீரலில் உள்ள தட்டைப் புழுவுக்கு அதை நம்பியிருத்தல் இயலாது. ‘மாத்திரை தின்றாயிற்று, இனிப் புழு இராது’ என்று பெற்றோர் கூறினாலும், தொடர்ந்து இருமும் குழந்தையைச் சுகாதார நிலையத்திற்கு அனுப்பவே வேண்டும்.

சிகிச்சை முடிந்தபின் கோழையின் பழுப்பு நிறம் மறையத் தொடங்கும். சில வாரங்கள் கழித்துக் கோழையை மீண்டும் சாயமேற்றாமலேயே சோதித்து, முட்டை இல்லை என்பதை உறுதி செய்து கொள்ள வேண்டும். இருப்பின் மருந்தை மறுமுறை அளிப்பர். எக்ஸ்-கதிர்ப் படத்தில் உள்ள நிழல் அத்துணை விரைவில் மறைவதில்லை, மாதங்கள் ஆகலாம். அந்நிழலை மட்டும் கண்டு மருந்து பலிக்கவில்லை என்றோ, நோய் காசமே என்றோ மீண்டும் முடிவு செய்தல் கூடாது. எனவே நோயாளியின் சீட்டில் முட்டை கண்ட நாளையும் மருந்து அளித்த நாளையும் தெளிவாக எழுதி, அவர் வேறு ஊருக்கு வேலை தேடிச் செல்வதாயின் அச்சீட்டை அவர் கையிலேயே கொடுத்தனுப்புதல் வேண்டும்.